முழங்கால் ஜவ்வை அளக்க வந்த ரயில்வே கணக்கு

"ஏனுங் டாக்டர், ஜவ்வு எவ்வளவு தேஞ்சிருக்குதுங்க?"

கணியூரில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். (கணியூர் என்றதும் கோவை - அவிநாசி ரோட்டு டோல்கேட்டை நினைச்சுடாதீங்க. இது மடத்துக்குளம் தாலுகா கணியூர். அமராவதித் தண்ணி பாயும் ஊர்.) பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே செக்கிங் பார்க்கும் அக்கா கேட்பார். மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்ந்துபோன அண்ணன் கேட்பார். நாற்று நட்டு, களை எடுத்து, இப்போது பேரனைத் தூக்க முடியாமல் நிற்கும் அம்மாவும் கேட்பார்.

கேள்வியில் உள்ள "எவ்வளவு" என்ற சொல்லைக் கவனிங்க. தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வது எளிது. எவ்வளவு என்று மில்லிமீட்டரில் சொல்வதற்கு மருத்துவ உலகம் பட்ட பாடு பெரிய கதை. அந்தக் கதையில் ஒரு ஆறு, ஏழு பாலங்கள், சோவியத் ரஷ்யாவின் சரக்கு ரயில்கள், ஒரு சுரங்கப் பள்ளம் எல்லாம் வருது. கொஞ்சம் நீளமான இழை. நிதானமா படிங்க.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊரில் "ஜவ்வு" என்ற ஒரே சொல்லை மூன்று பொருளுக்குப் பயன்படுத்துகிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் கயிறு போன்ற லிகமென்ட் ஒன்று. பைக்கில் இருந்து விழுந்தவருக்கும் கபடி ஆடியவருக்கும் கிழிவது பெரும்பாலும் இதுதான். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ் இன்னொன்று. மூன்றாவது, எலும்பு முனையில் ஒட்டிக்கிடக்கும் குருத்தெலும்பு.

ஆட்டுக்கால் சூப்பு குடிக்கும்போது எலும்பு முனையில் வெள்ளையா, வழவழன்னு ஒரு பூச்சு பார்த்திருப்பீங்க. அதேதான். மனித முழங்காலில் இதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர். பெரும்பகுதி தண்ணீர். ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராததால் அடிபட்டால் சரியாக ஆறாது. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது உங்களுக்கு ஒரு தகவலும் வராது. வலிக்குதுன்னு நீங்க கிளினிக்குக்கு வரும்போது பேசுவது குருத்தெலும்பு அல்ல. அதன் அடியில் உள்ள எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும், தசையும்தான்.

இந்தச் சேதி புதுசு இல்லை. 1743-ல் லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற இளம் மருத்துவர், வயது 25, மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை, ஹிப்போகிரட்டிஸ் காலத்தில் இருந்தே இது தெரிந்ததுதான் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். 280 வருஷம் ஓடிப்போச்சு. அந்த வரியை இன்னும் முழுசா பொய்யாக்க முடியவில்லை.

ஹன்டர் பார்த்தது அறுத்துப் பார்த்த மூட்டு. உயிரோடு நடமாடும் ஆளின் மூட்டுக்குள் பார்க்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் நவம்பர் 8-ல் ரான்ட்ஜென் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

குருத்தெலும்பு? தெரியவே இல்லை.

எக்ஸ்-ரே ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, இங்க கேப் குறைஞ்சிருக்கு" என்று டாக்டர் சொல்லும்போது அவர் உங்க ஜவ்வைப் பார்ப்பதில்லை. இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள காலி இடத்தைப் பார்க்கிறார். வீட்டுக்குள் ஆள் இருக்காங்களான்னு ஜன்னல் வெளிச்சத்தை வச்சு ஊகிப்பது மாதிரி. அந்த இடத்தில் மெனிஸ்கஸும் ஒளிந்திருக்கும். காலைக் கொஞ்சம் மடக்கி எடுத்தால் கேப் மாறிவிடும்.

இருந்தாலும் அந்த ஊகத்துக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தவர்கள் இருவர். கெல்கிரென், லாரன்ஸ். 1957-ல் அவர்கள் போட்ட 0 முதல் 4 வரையிலான கிரேடுதான் இன்றைக்கும் உங்க ரிப்போர்ட்டில் "கிரேடு 2", "கிரேடு 3" என்று வருகிறது. இருவரும் மான்செஸ்டரில் வேலை பார்த்தவர்கள். லாரன்ஸ் முதலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மூட்டைப் படித்தார். பிறகு 1961-ல் பஞ்சாலைத் தொழிலாளர்களின் மூட்டு நோய் பற்றியே தனியாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மான்செஸ்டரில் பஞ்சு மில் ஆட்களின் மூட்டை உட்கார்ந்து எண்ணிய ஒரு டாக்டர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கிரேடு போடுவது அளப்பது ஆகாது. கேப் ஒரு வருஷத்தில் குறைவது சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். எக்ஸ்-ரேயில் கிரேடு ஒரு படி ஏறுவதற்குள் நிறைய குருத்தெலும்பு போயிருக்கும். ஒரு புது மருந்து அதைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இந்த அளவுகோல் போதாது.

அடுத்த கதவு 1973-ல் திறந்தது. பால் லாட்டர்பர் காந்தப்புலத்தையும் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனையும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 'நேச்சர்' இதழ் முதலில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு வெளியிட்டது. 2003-ல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல். இதுதான் எம்ஆர்ஐ. பெரும்பகுதி தண்ணீரான குருத்தெலும்புக்கு இதைவிடப் பொருத்தமான கேமரா கிடையாது. வரலாற்றில் முதல்முறையாக அந்த 2 மில்லிமீட்டர், நேரடியாக, உயிருள்ள காலில் தெரிந்தது.

தெரிந்தது சரி. அளப்பது யார்?

முழங்கால் எம்ஆர்ஐ என்பது ஒரே படம் இல்லை. ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி வரிசையாக நிறைய படங்கள். அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வில் ஒரு முழங்காலுக்கு 160 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 384-க்கு 384 புள்ளிகள். பெருக்கிப் பாருங்க: ஒரு முழங்காலுக்கு சுமார் 2 கோடியே 36 லட்சம் புள்ளிகள். இதில் எந்தப் புள்ளி குருத்தெலும்பு, எது எலும்பு, எது மூட்டு நீர், எது மெனிஸ்கஸ் என்று பிரிக்க வேண்டும். இந்தப் பிரிக்கும் வேலைக்கு செக்மென்டேஷன் என்று பேர்.

ஆரம்பத்தில் ஆட்கள்தான் செய்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரைவது. ஒரு முழங்காலுக்குப் பல மணி நேரம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 4,796 பேர், ஆளுக்கு இரண்டு முழங்கால். ஒரு காலுக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஒருவர் வேலை பார்த்தால், முதல் சுற்றுப் படங்களை மட்டும் முடிக்கவே சுமார் 16 வருஷம் ஆகும்! அவர்களை ஒரு முறை படம் எடுத்துவிட்டு விட்டுவிடவில்லை. வருஷா வருஷம் கூப்பிட்டு எடுத்தார்கள்.

அதோடு, ஒரே படத்தை இரண்டு பேர் வரைந்தால் இரண்டு ஓரம் வரும். ஒரே ஆள் காலையில் வரைந்ததும் சாயங்காலம் வரைந்ததும்கூட ஒத்துப்போகாது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்பவர்களிடம் கேளுங்க, ஓவர்டைம் நேரத்தில் கண் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இயந்திரம் செய்தாக வேண்டும். எப்படி?

இப்போ நான் சொன்ன ஆறும் பாலமும்.

1736. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் ஆற்றின் குறுக்கே ஏழு பாலங்கள். எல்லாப் பாலத்தையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்று ஒரு பொழுதுபோக்குக் கேள்வி. ஆய்லர் என்ற கணித மேதை முடியாது என்று நிரூபித்தார். நிலத்தையெல்லாம் புள்ளியாக, பாலத்தையெல்லாம் கோடாக மாற்றிவிட்டால் போதும், ஊரின் மற்ற விவரம் எதுவும் தேவையில்லை என்பதுதான் அவர் பிடித்த சூட்சுமம். புள்ளியும் கோடும் சேர்ந்த இந்த அமைப்பைத்தான் கிராஃப் என்கிறார்கள். தமிழில் கோட்டுரு.

அங்கிருந்து 200 வருஷம் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். பனிப்போர் காலம். 1955-ல் ஹாரிஸ் என்ற கணிதவியலாளரும் ராஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரலும் சேர்ந்து ஒரு ரகசிய அறிக்கை எழுதினார்கள். சோவியத் யூனியனில் இருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ரயிலில் அதிகபட்சம் எவ்வளவு சரக்கு போக முடியும், அதை நிறுத்த வேண்டுமானால் எந்தத் தடங்களை வெட்டினால் குறைந்த செலவில் முடியும் என்பதுதான் கேள்வி. ரயில்பாதைகளை 44 புள்ளிகள், 105 கோடுகள் என்று ஒரு கிராஃப் ஆக்கினார்கள். விடை: 1,63,000 டன். இந்த அறிக்கை ரகசியப் பட்டியலில் இருந்து வெளியே வந்ததே 1999-ல்தான்.

இந்தக் கேள்வியை ஹாரிஸ் கொண்டுபோய்க் கொடுத்தது ரேண்ட் நிறுவனத்தில் இருந்த ஃபோர்டு, ஃபல்கர்சன் என்ற இரண்டு கணிதவியலாளர்களிடம். அவர்கள் 1956-ல் வெளியிட்ட தேற்றம் ரொம்ப அழகானது. நம்ம ஊர் பாஷையில் சொல்றேன்.

அமராவதியில் இருந்து வாய்க்கால் பிரியுது. அது கிளை வாய்க்காலாகி, மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் ஒரு கடைமடை வயலுக்கு வருது என்று வைங்க. சில வாய்க்கால் அகலம், சில குறுகல். ஒரு நேரத்தில் அந்த வயலுக்கு அதிகபட்சம் எவ்வளவு தண்ணி வந்து சேரும்? எல்லா வழியையும் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தண்ணியை முழுசா நிறுத்த எந்தெந்த வாய்க்காலை அடைக்கலாம் என்று பாருங்க. அடைக்கப் பல வழி இருக்கும். அதில் மொத்த அகலம் எது மிகக் குறைவோ, அந்த அகலத்தில் போகும் தண்ணிதான் வயலுக்கு வரும் அதிகபட்சத் தண்ணி. அதிகபட்ச ஓட்டமும் மிகச் சிக்கனமான வெட்டும் எப்போதும் சமம். தண்ணியை ஓடவிட்டால், எங்கே நெருக்கிப் பிடிக்குதோ அதுவே வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

(இதில் நம்ம நாட்டுப் பங்கும் இருக்கு. இந்த ஓட்டத்தை வேகமாகக் கணக்கிடும் முக்கியமான வழிமுறைகளில் ஒன்றை 1978-ல் கான்பூர் ஐஐடியில் இருந்து மல்ஹோத்ரா, பிரமோத் குமார், மகேஸ்வரி மூவரும் வெளியிட்டார்கள். மூவரின் முதல் எழுத்தையும் சேர்த்து எம்பிஎம் முறை என்று அது இன்னமும் பாடத்தில் இருக்கு.)

சரி, ரஷ்ய ரயிலுக்கும் நம்ம முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஒரு ஊர் என்று நினைங்க. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால். இரண்டு புள்ளியும் ஒரே நிறமாக இருந்தால் அகலமான வாய்க்கால். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால் குறுகலான வாய்க்கால். "இது நிச்சயம் குருத்தெலும்பு" என்று தெரிந்த இடத்தில் தண்ணியைத் திறந்துவிடு. "இது நிச்சயம் வேற" என்று தெரிந்த இடத்தில் வாங்கிக்கொள். எங்கே நெருக்குதோ அதுதான் ஓரம்!

1989-ல் கிரெய்க், போர்டியஸ், சீஹல்ட் என்ற மூன்று பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் கறுப்பு-வெள்ளைப் படங்களில் உள்ள இரைச்சலை நீக்க இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருஷம் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 2001-ல் பாய்கோவ், மேரி-பியர் ஜாலி இருவரும், அப்போது பிரின்ஸ்டனில் சீமென்ஸ் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள், டாக்டர் படத்தின் மேல் இரண்டு கோடு கிறுக்கினால் போதும், மீதியை கிராஃப் வெட்டிக் கொடுக்கும் என்று காட்டினார்கள். அதன்பிறகு மருத்துவப் படங்களில் இது தீயாகப் பரவியது.

ஆனால் குருத்தெலும்பு அவ்வளவு சுலபத்தில் மாட்டவில்லை. ஏன் என்று கொஞ்சம் பார்க்கணும்.

இந்த முறைக்குச் சிக்கனப் புத்தி. எங்கே வெட்டினால் செலவு குறைவு என்றுதான் பார்க்கும். உருண்டையான பொருளுக்கு அது நல்லது. குருத்தெலும்பு அப்படியா? அகலமா விரிந்த, மெல்லிய விரிப்பு. உள்ளே சரக்கு கொஞ்சம், ஓரம் நீளம். கட்டிங் மாஸ்டரிடம் கையுறை வடிவத்தை வெட்டச் சொன்னால் ஒவ்வொரு விரலாக வளைத்து வெட்டுவார். சிக்கனப் புத்திக்காரரிடம் கொடுத்தால் விரல் முழுக்க விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் ஒரே சுற்றில் வெட்டி எடுத்துவிடுவார். குருத்தெலும்பின் மெல்லிய பகுதிகளை இந்த முறை அப்படித்தான் வெட்டித் தள்ளியது. நமக்கு வேண்டியதே அந்த மெல்லிய பகுதிதான். தேய்ந்த இடம் அதுதானே!

இரண்டாவது சிக்கல். தொடை எலும்பின் குருத்தெலும்பும் கால் எலும்பின் குருத்தெலும்பும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும். இரண்டும் ஒரே நிறம். நடுவில் ஓரமே தெரியாது. தெரியாத ஓரத்தை எப்படி வெட்டுவது?

இதற்கு விடை வந்தது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்து. அங்கே மிலன் சோன்கா என்ற செக் நாட்டவரின் குழு. அவர்கள் கையில் எடுத்த கணக்கின் பூர்வீகத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. திறந்தவெளிச் சுரங்கம்.

மேலிருந்து பள்ளம் தோண்டிக் கனிமம் எடுக்க வேண்டும். ஒரு கல்லை எடுக்க அதன் மேல் உள்ள மண்ணையும் எடுத்தாக வேண்டும். பக்கச் சுவர் செங்குத்தாக நிற்காது, சரிவாக வைக்க வேண்டும். எந்த வடிவில் தோண்டினால் லாபம் அதிகம்? 1965-ல் லெர்க்ஸ், கிராஸ்மன் இருவரும் கிராஃப் வைத்து இதற்கு வழி சொன்னார்கள். 1976-ல் பிகார்டு என்பவர், இதுவும் அதே "சிக்கன வெட்டு" கணக்குதான் என்று நிரூபித்தார். சுரங்கத்தின் அடித்தளத்தைக் கண்டுபிடிப்பதும் உடம்புக்குள் ஒரு உறுப்பின் மேற்பரப்பைக் கண்டுபிடிப்பதும் ஒரே கேள்வி என்று அயோவா குழு பார்த்தது. சியாவ்டாங் வூ, டேனி சென், காங் லீ, சோன்கா ஆகியோர் 2006-ல் அதை முழு வடிவில் எழுதினார்கள். 2010-ல் யின் யின் என்ற ஆய்வாளர் முதல் ஆசிரியராக, முழங்கால் குருத்தெலும்புக்கென்றே லோகிஸ்மோஸ் என்ற முறை வந்தது.

அது எப்படி வேலை செய்யுதுன்னு திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்வது ரொம்ப சுலபம். வட்ட நிட்டிங் மெஷினைப் பார்த்திருப்பீங்க. சிலிண்டரைச் சுற்றி வரிசையா ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் தன் பள்ளத்தில் மேலேயும் கீழேயும் மட்டும் போகும். பக்கத்து ஊசிக்கும் அதற்கும் உயர வித்தியாசம் கேம் விடுகிற அளவுக்குள்தான் இருக்கும், தாறுமாறா எகிறாது.

லோகிஸ்மோஸும் அப்படித்தான். முதலில் எலும்பின் மேற்பரப்பை உத்தேசமாகப் பிடித்துக்கொள்ளும். அது எளிது, எலும்பு பெரிசு. பிறகு எலும்பின் மேல் ஆயிரக்கணக்கான ஊசிகளை வெளிப்பக்கமா நட்டுவைக்கும். ஒவ்வொரு ஊசியிலும் இரண்டு குறி: எலும்பு முடியும் இடம், குருத்தெலும்பு முடியும் இடம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் தடிமன். பக்கத்துப் பக்கத்து ஊசிகளின் குறி ரொம்ப விலகக் கூடாது. எதிர்ப்பக்கக் கால் எலும்பில் இருந்து வரும் ஊசிகளும் இந்தப் பக்கத்து ஊசிகளும் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடக் கூடாது. இத்தனை நிபந்தனையையும் ஒரே கிராஃபில் எழுதி, ஒரே வெட்டில், எல்லாப் பரப்பையும் ஒன்றாகக் கண்டுபிடிக்கும். சிக்கனப் புத்தி விரலை வெட்டித் தள்ள இனி வழியே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஊசியிலும் குறி வைத்தே ஆகணும். தெரியாத நடு ஓரத்துக்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரும்.

வளைந்த எலும்பில் நட்ட ஊசிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டால் கணக்கு கெட்டுப்போகும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளஸ் டூ இயற்பியலில் மின்விசைக் கோடுகள் படித்திருப்பீங்க, அவை ஒன்றையொன்று வெட்டாது. அந்தக் கோட்டின் திசையிலேயே ஊசியை நட்டார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்த கூலும் விதி முட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கு!

அதே 2010-ல் முழங்கால் எம்ஆர்ஐயைப் பிரிக்கும் முறைகளுக்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. அதில் முன்னணிக்கு வந்த பெர்லின் சூசே நிறுவனத்தின் முறையும் எலும்புக்கு வடிவ மாதிரி, குருத்தெலும்புக்கு கிராஃப் என்ற கூட்டணிதான்.

பிறகு 2015-ல் யூ-நெட் வந்தது, செயற்கை நுண்ணறிவு வந்தது, எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். கிராஃப் செத்துப்போச்சா? இல்லை. 2018-ல் சத்யானந்த காஷ்யப் முதல் ஆசிரியராக அயோவா குழு வெளியிட்ட வேலையில், புள்ளிக்கு மதிப்பெண் போடுவதை இயந்திரம் கற்றுக்கொள்கிறது, கடைசி வெட்டை கிராஃப் செய்கிறது. ஒரே ஆளின் பல வருஷப் படங்களையும் ஒன்றாக வைத்து, காலத்தையும் ஒரு திசையாகச் சேர்த்து வெட்டியது. என் கருத்தைக் கேட்டால் இந்தக் கூட்டணிதான் எனக்குப் பிடிச்சிருக்கு. கிராஃபில் எந்த நிபந்தனையில் எந்த முடிவு வந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம், தப்பான இடத்தில் டாக்டர் ஒரு புள்ளியைத் திருத்தினால் மீதி தானே திருந்தும். 2019-ல் ஆறு செயற்கை நுண்ணறிவுக் குழுக்கள் மோதிய இன்னொரு போட்டியில், படத்தைப் பிரிக்கும் மதிப்பெண் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தது. ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கும் தடிமனைச் சரியாகச் சொல்வதற்கும் பெரிய தொடர்பு இல்லை. பரீட்சையில் நூறு வாங்கினவர் எல்லாம் வேலையில் கெட்டிக்காரர் இல்லை என்கிற கதை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஒரு உதாரணம்.

ஸ்ப்ரிஃபெர்மின் என்று ஒரு ஊசி மருந்து. குருத்தெலும்பை வளர்க்கும் என்ற நம்பிக்கையில் சோதித்தார்கள். 549 பேர். 2019-ல் இரண்டு வருஷ முடிவு வந்தது. அதிக டோஸ் போட்டவர்களுக்கு, மருந்து இல்லாதவர்களைவிடக் குருத்தெலும்பு தடிமன் கூடியிருந்தது. எவ்வளவு? 0.05 மில்லிமீட்டர். படத்தில் ஒரு புள்ளியின் அகலமே 0.36 மில்லிமீட்டர்தான் என்றால், அதில் ஏழில் ஒரு பங்கு! இவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்கிற அளவுக்கு அளக்கும் கலை வளர்ந்திருக்கு. ஆனால் அவர்களின் வலி குறைந்ததா என்று பார்த்தால், மருந்து போடாதவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லை என்று மேலே சொன்னேனே, இங்கே வந்து நிற்கிறது.

அதனால் டிவியிலும் யூடியூபிலும் "ஜவ்வு மீண்டும் வளரும்" என்று பவுடர் விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது, எதை வைத்து அளந்தீங்க? மூட்டுத் தேய்மானத்தின் போக்கையே மாற்றும் மருந்து என்று அமெரிக்க எஃப்டிஏ இதுவரை ஒன்றுக்குக்கூட அனுமதி தரவில்லை.

இப்போ எனக்கு உறுத்தும் விஷயத்துக்கு வரேன்.

மேலே சொன்ன மென்பொருள்களில் பெரும்பாலானவை கற்றுக்கொண்டது அந்த அமெரிக்க ஆய்வின் முழங்கால்களில் இருந்து. அந்த 4,796 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர், அடுத்து கறுப்பினத்தவர். ஆசியர்கள் மிகச் சொற்பம். நாற்காலியில் உட்கார்ந்து, கமோடில் உட்கார்ந்து வளர்ந்த முழங்கால்கள் அவை. நம்ம முழங்கால் அப்படியா? குத்தவச்சு உட்கார்ந்து பாத்திரம் விளக்கி, சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, நாற்று நட்டு, இப்போ 12 மணி நேரம் நின்று வேலை பார்க்கும் கால்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. பெய்ஜிங்கில் நடந்த ஆய்வில், அங்குள்ள வயதான பெண்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் அமெரிக்கர்களைவிட மிகக் குறைவாகவும், முழங்கால் தேய்மானம் அமெரிக்கப் பெண்களைவிட அதிகமாகவும் இருந்தது. இளவயதில் நெடுநேரம் குத்தவச்சு உட்காரும் பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்கள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்பது மாறினால், தேயும் இடமும் மாறலாம்.

இந்தியாவில்? 2016-ல் வெளியான ஒரு பெரிய கள ஆய்வு, முழங்கால் தேய்மானம் 28.7 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொன்னது. ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே பகுதிகளில் எடுத்தார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. பனியன் கம்பெனி, பஞ்சு மில் தொழிலாளர்கள் என்று தனியாகவும் இல்லை. லாரன்ஸ் 1961-ல் மான்செஸ்டர் பக்கம் செய்ததை இங்கே இன்றைக்கு இருக்கும் எம்ஆர்ஐயையும் கிராஃபையும் வைத்துச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேலைக்குச் சேரும்போது ஒரு படம், ஐந்து வருஷம் கழித்து ஒரு படம். ஏற்றுமதி நடக்கும் ஊருக்கு இது பெரிய செலவு இல்லை. நின்றுகொண்டு பார்க்கும் வேலைக்கு உயரமான ஸ்டூல் ஒன்று போட்டால் என்ன மாறும் என்பதையாவது மில்லிமீட்டரில் சொல்லலாம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மாற்று உபகரணத்துக்கு உச்சவிலை வைத்தது, அதிகம் பயன்படும் வகை சுமார் 1.58 லட்சத்தில் இருந்து 54,720 ரூபாய்க்கு இறங்கியது. மிக நல்ல காரியம். ஆனால் அது மூட்டு முழுக்கப் போன பிறகு வாங்கும் பொருள்.

உங்களுக்கு நடைமுறையில் என்ன?

முட்டி வலிக்கும் எல்லாருக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை. 50 வயதுக்கு மேல், நடந்தால் வலி, காலையில் சிறிது நேரம் பிடிப்பு என்றால் பரிசோதனையும் தேவைப்பட்டால் நின்றபடி எடுத்த ஒரு எக்ஸ்-ரேயும் போதும். எடையில் சில கிலோ குறைப்பதும் தொடைத் தசையை வலுப்படுத்துவதும் இன்றைக்கும் முதல் வைத்தியம். அதைச் சொன்னால் "மாத்திரை எழுதலீங்களா" என்று ஏமாற்றத்தோடு பார்க்கிறீங்க, தெரியும்.

கால் பூட்டிக்கொண்டால், அடிபட்டு உடனே வீங்கினால், நடக்கையில் கால் நழுவினால் அப்போ எம்ஆர்ஐ தேவைப்படலாம். எடுத்தால் ரிப்போர்ட்டில் குருத்தெலும்பு பற்றி "கிரேடு 2", "கிரேடு 3" என்று இருக்கும். அது எக்ஸ்-ரே கிரேடு இல்லை, பெரும்பாலும் 1961-ல் அவுட்டர்பிரிட்ஜ் என்பவர் போட்ட வேற வரிசை அல்லது அதன் திருத்தம். இரண்டையும் வைத்து "போன வருஷம் 3, இப்போ 2, குணமாயிடுச்சு" என்று சந்தோஷப்படாதீங்க. தடிமன் மில்லிமீட்டரில் இருக்காது. நம்ம ஊர் சென்டர்களில் அந்த அளவீடு இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

இன்னொன்று. உடுமலை, பழனி, கோவை எங்கே ஸ்கேன் எடுத்தாலும் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்க. ஃபிலிமில் சில துண்டுகள்தான் இருக்கும். அந்தக் கோடிக்கணக்கான புள்ளிகளும் சிடியில்தான் இருக்கு, பிற்காலத்தில் ஒப்பிட்டு அளப்பதென்றால் அதை வைத்துத்தான் முடியும். வாங்கின சிடியை வெயிலில் போட்டுவைக்காமல், வீட்டில் படிச்ச பிள்ளை யாரிடமாவது கொடுத்து ஒரு பென்டிரைவில் ஏத்தி, பேரும் தேதியும் எழுதி வைங்க.